கல்யாணத்துக்குச் சேலையா, அனார்கலியா, ரெடிமேடா, தையலா? உடல்வாகைப் பார்த்து முடிவெடுப்போம்

ஆவணி முகூர்த்தங்கள் தொடங்கிவிட்டால் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் விடுமுறை நாளில் வீட்டில் இருக்க முடியாது. சாயங்காலம் காரிமங்கலத்தில் ரிசப்ஷன், மறுநாள் விடியற்காலை ஊத்தங்கரையில் முகூர்த்தம் என்று பத்திரிகைகள் வந்து குவியும். கூடவே கேள்விகளும் வரும். பட்டா, சாஃப்ட் சில்க்கா, ஜார்ஜெட்டா? சேலை வேண்டாம், அனார்கலி போதுமா? ரெடிமேட் வாங்குவதா, துணி எடுத்துத் தைப்பதா?

கடையில் கேட்டால் "உங்களுக்கு எல்லாமே நல்லா இருக்கும்க்கா" என்பார்கள். வீட்டில் கேட்டால் "கொஞ்சம் உடம்பைக் குறைச்சிருந்தா இது நல்லா இருந்திருக்கும்" என்பார்கள். இரண்டாலும் பயனில்லை. இன்றைக்கு இருக்கும் உடம்புக்கு, அடுத்த மாதம் வரும் கல்யாணத்துக்கு, எது அழகாக உட்காரும் என்பதுதான் நமக்குத் தெரிய வேண்டும். சொந்தக்காரப் பெண்களுக்கும் அக்கம்பக்கத்தாருக்கும் நெடுநாளாகத் தைத்துக்கொடுப்பவள் என்ற முறையில் என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். துணிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைக் குறைத்துத் தையலுக்குக் கொடுங்கள். 5,000 ரூபாய்ச் சேலையாக இருந்தாலும் ஜாக்கெட் தோளில் நழுவினால் எடுபடாது. 1,200 ரூபாய்த் துணியும் தோளில் சரியாக உட்கார்ந்தால் எடுப்பாக இருக்கும்.

முதலில் டேப்

ஆப்பிள், பேரிக்காய் என்று உடம்பைப் பழமாக்கும் அட்டவணைகளைத் தூக்கி வையுங்கள். நான்கு அளவு போதும். தோளைப் பின்பக்கமாக ஒரு எலும்பு முனையிலிருந்து மறு முனைவரை அளக்க வேண்டும். மார்பைப் பருத்த இடத்தில் அளக்க வேண்டும். இடுப்பு என்பது தொப்புளுக்குச் சற்று மேலே, பக்கவாட்டில் சாய்ந்தால் உடம்பு மடிகிற இடம். சீட் என்று டெய்லர்கள் சொல்வது அதற்கு ஏறக்குறைய 8 அங்குலம் கீழே, பின்புறம் அதிகம் பருத்திருக்கும் இடம். டேப்புக்குள் ஒரு விரல் நுழைய வேண்டும். மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு அளக்காதீர்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்ட பிறகும் அந்த உடை உங்கள் மேல்தான் இருக்கப்போகிறது.

சீட் அளவு மார்பைவிட 2 அங்குலத்துக்கு மேல் கூடுதலாக இருந்தால் கனம் கீழ்ப்பக்கம். மார்பு அளவு சீட்டைவிடத் தெளிவாகக் கூடுதலாக இருந்தாலோ, கண்ணாடியில் தோள் சீட்டைவிட அகலமாகத் தெரிந்தாலோ கனம் மேல்பக்கம். இடுப்பு அளவு மார்பைத் தாண்டினால் கனம் நடுவில், அதாவது வயிற்றில். மார்பு, இடுப்பு, சீட் மூன்றும் பெரிய வித்தியாசம் இல்லாமல் போனால் நேர்வாகு. மார்பும் சீட்டும் சமமாக இருந்து நடுவில் நன்றாக உள்வாங்கினால்தான் பாட்டிலும் கதையிலும் வரும் உடுக்கை இடை. அது எத்தனை பேருக்கு இருக்கிறது? அமெரிக்காவில் வடக்கு கரோலினா மாநிலப் பல்கலைக்கழகம் 6,000-க்கும் மேற்பட்ட பெண்களின் உடலை ஸ்கேனரில் அளந்து ஆராய்ந்தபோது, உடுக்கை இடை 8 சதவீதம் பேருக்குத்தான் இருந்தது. 46 சதவீதம் பேர் நேர்வாகு. பொம்மைக்கு மாட்டியிருக்கும் உடை நம் மேல் அப்படியே உட்காரவில்லை என்றால் அதில் நம் குறை எதுவும் இல்லை. பொம்மையைச் செய்ததே அந்தச் சிறு கூட்டத்தின் அளவுக்கு.

உயரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பெண்களின் சராசரி உயரம் சுமார் 152 சென்டிமீட்டர், அதாவது 5 அடியை ஒட்டி. கடையில் தொங்கும் நீள குர்திகளோ 44, 46 அங்குலம். 5 அடிப் பெண் 46 அங்குல குர்தி போட்டால் அது கணுக்காலை நெருங்கிவிடும், கீழே பேன்ட் இருப்பதே தெரியாது.

ரெடிமேடா, தையலா

ரெடிமேட் குர்திகளில் அளவு என்பது உடையின் மார்புச் சுற்றளவை வைத்துத்தான். பெரும்பாலான கம்பெனிகளில் எம் 38, எல் 40, எக்ஸ்எல் 42, டபுள் எக்ஸ்எல் 44. மார்பு கூடக் கூடத் தோளையும் கூட்டிக்கொண்டே போவார்கள். சிக்கல் இங்கேதான். தோள் 14, மார்பு 36, சீட் 42 அங்குலம் உள்ள ஒரு பெண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். நம் பக்கம் மிகச் சாதாரணமாகப் பார்க்கிற உடல்வாகு இது. மார்புக்கு எம் சைஸ் போதும். நேர்கட் குர்தியில் சீட் பிடிக்காமல் இருக்க டபுள் எக்ஸ்எல் வேண்டும். அதை எடுத்தால் தோள் தையல் கைப்பக்கம் இறங்கும், அக்குளில் துணி தொங்கும், இல்லாத உடம்பும் இருப்பதுபோல் தெரியும். எம் சைஸையே எடுத்தால் பின்புறம் பிடித்து, இரண்டு பக்கமும் தைக்காமல் விட்டிருக்கும் ஓபன் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். ஒரே துணியில் மேலே 38, கீழே 44 கொண்டுவருவது தெரு முனையில் இருக்கும் டெய்லருக்கு ஐந்து நிமிட வேலை. ஆயிரக்கணக்கில் ஒரே அளவில் வெட்டும் கம்பெனிக்கு அது முடியாது. நம் மக்களின் உடல்வாகுக்கென்று ஒரு அளவு அட்டவணை வேண்டும் என்று, 25,000-க்கும் மேற்பட்டவர்களை முப்பரிமாண ஸ்கேனரில் அளக்கும் 'இந்தியா சைஸ்' திட்டத்தை ஃபேஷன் படிப்புக்கான அரசு நிறுவனமான நிஃப்ட் எடுத்ததும் இந்தக் குறையால்தான். அது நாம் வாங்கும் குர்தியில் தெரியும்வரை நம் டேப்தான் நமக்கு அட்டவணை.

ரெடிமேட் எடுப்பதானால் டிரையல் ரூமில் கண்ணாடியை நேராகப் பார்ப்பதற்கு முன் தோளைத் தொட்டுப் பாருங்கள். கையை மூட்டியிருக்கும் தையல் தோள் எலும்பின் நுனியில் விரல் படும் இடத்தில் இருக்க வேண்டும். அரை அங்குலம் வெளியே போனால்கூட விட்டுவிடுங்கள். பக்கத்தைப் பிடிப்பதும் நீளத்தைக் குறைப்பதும் எளிது, தோளைக் குறைப்பது எளிதல்ல. கையைப் பிரித்து, அக்குள் வளைவை மறுபடி வெட்டி, கையைத் திரும்ப மூட்ட வேண்டும். எம்ப்ராய்டரி இருந்தால் அதுவும் கெடும். அடுத்து இரண்டு கையையும் மேலே தூக்குங்கள். குர்தி மொத்தமாகத் தூக்கிக்கொண்டு வந்தால் அக்குள் கீழே இறங்கி வெட்டியிருக்கிறது என்று அர்த்தம். தாம்பூலப் பையை வாங்கும்போதும் குழந்தையைத் தூக்கும்போதும் அது தொல்லை தரும். கடைசியாக உட்காருங்கள். ஓபன் தொடங்கும் இடத்தில் தையல் இழுபடுகிறதா என்று பாருங்கள்.

உள்பக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டும். ரெடிமேடில் பக்கத் தையலுக்கு வெளியே பெரும்பாலும் அரை அங்குலத் துணிகூட இருக்காது. டெய்லரிடம் "உள்ளே ஒன்றரை இன்ச் விட்டுத் தைங்க" என்று சொன்னால் பிள்ளை பெற்ற பிறகும் பிரித்துவிட்டுப் போட்டுக்கொள்ளலாம். ஒரு உடையைப் பல வருடம் வைத்துப் போடுபவர்களுக்கு இது ஒன்றே தையலைத் தேர்ந்தெடுக்கப் போதும்.

ரெடிமேட் ஜெயிக்கும் இடமும் உண்டு. ஏ-லைன், அனார்கலி வகைகளில் இடுப்புக்குக் கீழே துணி தானாக விரிந்துவிடுவதால் சீட் அளவைப் பற்றிய கவலை இல்லை. மார்புக்கும் தோளுக்கும் சரியான சைஸ் எடுத்தால் போதும். மேலே சொன்ன 36-42 பெண் ரெடிமேடில் எடுத்தே தீர வேண்டும் என்றால் நேர்கட் பக்கம் போகாமல் ஏ-லைன் எடுக்கலாம். நேர்வாகு உள்ளவர்களுக்கும் ரெடிமேட் பெரும்பாலும் பொருந்தும். அவசரக் கல்யாணத்துக்கும் அதுதான் வழி.

கீழ்ப்பக்கம் கனம்: தைத்த ஏ-லைன் முதலிடம்

இந்த உடல்வாகுக்கு என் கணக்கில் தைத்த ஏ-லைன்தான் முதலிடம், சேலைக்கு இரண்டாமிடம். மேல்பக்கம் ஒல்லியாக இருப்பதால் மார்பு, இடுப்பு இரண்டிலும் அளவாகப் பிடித்து, இடுப்பிலிருந்து மெல்ல விரிய விட வேண்டும். எம்ப்ராய்டரியும் பளபளப்பும் கழுத்திலும் கையிலும் இருக்கட்டும், கீழே வெறும் துணியாக இருக்கட்டும். தோள்வரை அகலமாகத் திறக்கும் போட் நெக் இவர்களுக்கென்றே வந்ததுபோல் இருக்கும். தோள் சற்று அகலமாகத் தெரிந்து கீழ்ப்பக்கத்தோடு சமமாகிவிடும். பட்டியாலா பேன்ட் வேண்டாம், கால் பக்கம் ஒட்டிய நேர் பேன்ட் எடுங்கள்.

அம்ப்ரெல்லா கட்டும் நன்றாக இருக்கும், ஆனால் அதைத் தைப்பவர் பொறுமையாக இருக்க வேண்டும். முழு வட்டமாக வெட்டும்போது துணியின் சில பகுதி நேர்நூலிலும் சில பகுதி கிராஸிலும், அதாவது நூலுக்குச் சாய்வாகவும் வரும். கிராஸில் வரும் பகுதி தன் எடைக்கே இழுபட்டு இறங்கும். வெட்டி மூட்டிய உடனே கீழே மடித்து அடித்துவிட்டால், நாலு நாளில் கிராஸ் வரும் இடமெல்லாம் தாழ்ந்து, மற்ற இடம் தூக்கிக்கொண்டு நிற்கும். மூட்டியதை ஒரு ராத்திரி ஹேங்கரில் தொங்கவிட்டு, மறுநாள் போடச் சொல்லி, தரையிலிருந்து ஸ்கேல் வைத்துச் சாக்பீஸில் சுற்றிலும் குறித்து, பிறகுதான் கீழே வெட்டி அடிக்க வேண்டும். "அம்ப்ரெல்லா கட்டைத் தொங்கவிட்டுத்தானே அடிப்பீங்க?" என்று டெய்லரிடம் முன்கூட்டியே கேளுங்கள். ஆமாம் என்று உடனே பதில் வந்தால் நம்பித் துணியைக் கொடுக்கலாம். ரேயான் என்றால் தைப்பதற்கு முன் கட்டாயம் தண்ணீரில் நனைத்துக் காயவைத்துக் கொடுங்கள். முதல் சலவையிலேயே சுருங்கும் துணி அது.

சேலைதான் கட்டுவேன் என்றால் சாஃப்ட் சில்க், க்ரேப், நல்ல ஜார்ஜெட். ஆர்கன்சா வேண்டாம். அது உடம்பிலிருந்து தள்ளி நிற்கும் துணி, பின்புறத்துக்கு இன்னும் அகலம் கொடுக்கும்.

வயிறு முன்னால்: இங்கே சேலைதான்

என் அக்கா மகளுக்கு இரண்டாவது குழந்தை பிறந்த பிறகு ஒரு கல்யாணம் வந்தது. "சித்தி, சேலை கட்டினா வயிறு முன்னாடி வந்து நிக்குது. நான் சுடிதாரே போட்டுக்கறேன்" என்றாள்.

"சேலையாலே வரலைடி பாப்பா. நாடா முடிச்சும் கொசுவமும் ஒரே இடத்துல சேர்ந்து நிக்குது பாரு" என்றேன்.

அதுதான் நடக்கிறது. சுருக்குநாடா உள்பாவாடையில் துணி முழுக்க இடுப்பில் சுருங்கி ஒரு வளையமாகிவிடும். அதற்கு மேல் எட்டு, ஒன்பது கொசுவம் செருகினால் தொப்புளுக்கு நேராக நல்ல கனம் சேரும். விறைப்பான புதுப் பட்டாக இருந்தால் கொசுவம் விசிறிபோல முன்னால் விரியும். நாடாவை எடுத்துவிட்டுப் பட்டியும் ஹூக்கும் வைத்த பாவாடை தைத்துக்கொடுத்தேன். சேலை ஷேப்பர் என்று கடையில் விற்பதும் இதே வேலையைச் செய்யும். கொசுவத்தை அகலமாக எடுத்து ஐந்தாறோடு நிறுத்தி, தொப்புளுக்கு நேராக இல்லாமல் சற்று இடது பக்கம் தள்ளிச் செருகி, உள்பக்கம் ஒரு பின் குத்தினேன். முந்தியை மடித்துத் தோளில் குத்தியபோது வலது இடுப்பிலிருந்து இடது தோளுக்கு ஒரு சாய்வுக்கோடு போனது. வயிற்றின் மேல் கண் நிற்காமல் அந்தக் கோட்டோடு மேலே ஏறிவிடும். சேலைக்கு இருக்கும் இந்தச் சாய்வுக்கோடு நாம் வழக்கமாகத் தைக்கும் உடைகளுக்கு இல்லை. கனம் நடுவில் இருப்பவர்களுக்குச் சேலையை முதலில் வைப்பது அதனால்தான். கைக்குழந்தைக்குப் பால் கொடுக்கவும் அவளுக்குச் சேலைதான் வசதியாக இருந்தது.

புதுப் பட்டைவிட அம்மாவின் பழைய பட்டு இவர்களுக்கு நன்றாக அமையும். பல வருடம் கட்டி மடித்ததில் விறைப்பு போய், உடம்போடு இறங்கும். முகூர்த்தத்துக்குப் பட்டு கட்டாவிட்டால் பெரியவர்கள் முகம் சுளிப்பார்கள் என்ற கவலையும் தீரும். புதுசுதான் வேண்டும் என்றால் இப்போது நம் ஊர் பியூட்டி பார்லர்களிலேயே கொசுவத்தை அயர்ன் பண்ணி ப்ரீ-ப்ளீட்டிங் செய்து கொடுக்கிறார்கள். விறைப்பான பட்டுக்கு அந்தச் செலவு நல்ல செலவு.

சுடிதார் என்றால் இந்த உடல்வாகுக்கு நேர்கட்தான். மார்புக்குக் கீழே சுருக்கு வைத்து விரியும் கட் வேண்டாம், "விசேஷமா?" என்று நாலு பேர் கேட்பார்கள். இந்தக் கேள்வியால் மனம் நொந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஓபன் வயிற்றுக்குக் கீழே, சீட்டுக்குச் சற்று மேலே தொடங்கட்டும். மேலே ஒரு நீள ஓவர்கோட் போட்டு முன்னால் திறந்து விட்டால் கழுத்திலிருந்து கீழ்வரை இரண்டு நேர்க்கோடு கிடைக்கும். பாலியெஸ்டர் ஜார்ஜெட்டை வெயில் காலத்தில் தவிர்க்க வேண்டியவர்களும் இவர்களே. சித்திரை, வைகாசியில் தர்மபுரி மண்டபங்களில் ஏசி இல்லாவிட்டால் வியர்வை ஊற்றும். பாலியெஸ்டர் அதை உறிஞ்சாது, துணி உடம்போடு ஒட்டி எதை மறைக்க நினைத்தோமோ அதைக் காட்டிவிடும். காட்டன் லைனிங் கொடுத்தால் பாதி தப்பிக்கலாம். ஓசூரில் மார்கழிக் குளிர் தாண்டித் தை மாதம் வரும் கல்யாணத்துக்கு இந்தக் கவலை இல்லை, ஜார்ஜெட்டோ வெல்வெட்டோ தாராளமாகப் போடலாம்.

மேல்பக்கம் அகலம், நேர்வாகு

தோளும் மார்பும் அகலமானவர்கள் கனத்தைக் கீழே கொண்டுபோக வேண்டும். வி நெக், வெறும் மேல்பாகம், கீழே கொஞ்சம் வேலைப்பாடு. போட் நெக், பஃப் கை இரண்டும் வேண்டாம். பெரிய பார்டர் சேலை இவர்களுக்கு அருமையாக இருக்கும், உயரமும் இருந்தால் கேட்கவே வேண்டாம். முந்தியை நாலு விரல் அகலத்துக்கு மடித்துக் குத்துங்கள், விரித்துவிட்டால் மேல்பக்கம் இன்னும் அகலமாகும்.

மெலிந்த நேர்வாகு உள்ளவர்களுக்குத்தான் கடையில் இருக்கும் கனமான துணியெல்லாம். காஞ்சிப் பட்டு, ஆர்கன்சா, டிஷ்யூ, கஞ்சி போட்ட காட்டன் எல்லாம் உடம்புக்கு ஒரு நிறைவு கொடுக்கும். இடுப்பில் தையல் வைத்த அனார்கலி, இல்லாத இடுப்பை வரைந்து காட்டும். பட்டுக்கூடு ஏலம் போகும் தர்மபுரியில் பட்டுச் சேலைக்குக் காஞ்சிபுரமும் ஆரணியும் போகிறோம். போவதானால் இந்த உடல்வாகு உள்ள பெண்ணுக்குப் போய் எடுக்கும் பட்டுதான் கொடுத்த காசுக்கு நிற்கும்.

உயரம் குறைவானவர்களுக்கு பார்டரும் நீளமும்

5 அடிப் பெண்ணுக்கு இடுப்பிலிருந்து தரைவரை ஏறக்குறைய 37 அங்குலம். அதில் 9 அங்குல பார்டர் வந்தால் கால்வாசி போய்விட்டது. பார்டர் வேறு நிறமாக இருந்தால் உடம்பை அங்கேயே வெட்டிக் காட்டும். இரண்டு, மூன்று அங்குல பார்டர், அதுவும் சேலையின் நிறத்தை ஒட்டியது என்றால் கழுத்திலிருந்து கால்வரை ஒரே ஓட்டமாகத் தெரியும். சாஃப்ட் சில்க்கில் இப்படி ஒரே நிறத்தில் நிறைய வருகின்றன. ஜாக்கெட்டும் அதே நிறத்தில் இருந்தால் இன்னும் நல்லது. சுடிதாரில் டாப், பேன்ட் இரண்டும் ஒரே நிறம், துப்பட்டா மட்டும் வேறு நிறம் என்று வைத்தால் இதே பலன்.

குர்தி நீளம் கெண்டைக்காலின் பருத்த இடத்தில் முடியக் கூடாது. முழங்காலுக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள், அல்லது கெண்டைக்காலைத் தாண்டி இறக்குங்கள். 5 அடிப் பெண்ணுக்கு 36 அல்லது 42 நன்றாக இருக்கும். கடையில் அதிகம் கிடைக்கும் 38, 40 இரண்டும் சரியாக அந்தப் பருத்த இடத்தில் வந்து நிற்கும்.

குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்று பயப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரே அளவுள்ள இரண்டு சதுரத்தில் குறுக்குக் கோடு போட்டதுதான் கண்ணுக்கு உயரமாகவும் ஒடுங்கியும் தெரியும் என்று ஜெர்மன் விஞ்ஞானி ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19-ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். இங்கிலாந்தின் யார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் பெண்ணுருவப் படங்களை வைத்துப் பார்த்தபோதும் குறுக்குக் கோடு குண்டாகக் காட்டவில்லை. சன்னமான குறுக்குக் கோடு போட்ட காட்டன் சேலை பிடித்திருந்தால் தயங்காமல் எடுங்கள். உயரத்தைக் குறைத்துக் காட்டுவது உடம்பைப் பாதியாக வெட்டும் ஒரே ஒரு தடித்த பட்டை.

ஜாக்கெட்

சேலை எடுக்க இரண்டு மணி நேரம், ஜாக்கெட்டுக்கு இரண்டு நிமிடம். இந்த வழக்கம் மாற வேண்டும். சேலை எல்லா உடம்புக்கும் பொருந்தும் ஐந்தரை மீட்டர் துணி. தைக்கும் பகுதி ஜாக்கெட் மட்டும்தான். உங்கள் உடல்வாகுக்கு என்று அதில் ஏதாவது செய்ய முடியும் என்றால் கூடவே வரும் அந்த 80 சென்டிமீட்டரில்தான்.

மார்பு அளவாக இருப்பவர்களுக்குப் பிரின்சஸ் கட். தோளிலிருந்தோ அக்குளிலிருந்தோ இறங்கும் இரண்டு தையலும் உடம்பை ஒடுக்கமாகக் காட்டும். கனமான மார்புக்குக் கிண்ணம்போல் தனித் துண்டு வைத்துத் தைக்கும் கட்டோரி அல்லது கிராஸ் கட். துணியைச் சாய்வாக வெட்டும்போது கொஞ்சம் இழுபடும் தன்மை வருவதால் மார்பின் வளைவோடு போய் உட்காரும், அக்குள் பக்கம் பிதுங்காது. பட்டன் பட்டி வாய் திறப்பதும் குறையும். கை நீளத்தைப் புஜத்தின் பருத்த இடத்தில் நிறுத்தினால் பருமன் கூடித் தெரியும். முழங்கைக்கு இரண்டு அங்குலம் மேலே, அல்லது முழங்கைவரை வையுங்கள். பின் கழுத்தை ஆழமாக இறக்கினால் மேலே கயிறு வைக்கச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் தோள் நழுவும்.

அளவு ஜாக்கெட் கொடுக்கும்போது இப்போது போட்டால் சரியாக இருப்பதைக் கொடுங்கள். கல்யாணமான புதிதில் தைத்ததைக் கொடுத்துவிட்டு டெய்லரைக் குறை சொல்கிறவர்கள் அதிகம். எது பிடிக்கிறது, எது தொளதொளக்கிறது என்று வாயாலும் சொல்லுங்கள்: "கை அரை இன்ச் லூஸ், தோள் கால் இன்ச் குறைங்க" என்று சொன்னால் போதும், அவருக்குப் புரியும். புதிய டெய்லர் என்றால் பட்டைக் கொடுப்பதற்கு முன் ஒரு சாதாரண காட்டன் ஜாக்கெட் தைத்துப் பாருங்கள்.

லெஹங்கா, கவுன் பற்றி அதிகம் சொல்ல இல்லை. உள்ளே விறைப்பான வலைத்துணி (கேன்-கேன்) வைத்த லெஹங்கா ஒல்லியாக உயரமாக இருக்கும் பெண்ணுக்கு அழகு, மற்றவர்களுக்குச் சுமை. ஒரு நாளுக்காக வாங்குவதைவிட வாடகைக்கு எடுப்பதே மேல். கல்லூரிப் பெண்களுக்கு அதே காசில் அரைத்தாவணி இன்னும் நன்றாக இருக்கும். பாவாடையின் சுருக்கை முன்பக்கம் குறைத்துப் பக்கவாட்டில் வைத்துத் தைத்தால் வயிறு எழும்பாது.

3,000 ரூபாய் கையில் இருந்தால்

மாமா மகள் ரிசப்ஷனுக்கு 3,000 ரூபாய் ஒதுக்க முடிகிறது என்று வைத்துக்கொள்வோம். முழுவதையும் ஒரே ரெடிமேட் அனார்கலியில் போடுவது ஒரு வழி. நான் அப்படிச் செய்ய மாட்டேன். குட்டி சூரத் என்று பெயர் வாங்கிய பர்கூருக்குப் போனால் சேலையும் சுடிதார் மெட்டீரியலும் மலிவாகவே கிடைக்கும். துணிக்குப் பாதிப் பணத்தோடு நின்று, மீதியை நல்ல காட்டன் லைனிங்குக்கும் கைதேர்ந்த டெய்லருக்கும் வைப்பேன். ஏ-லைனோ அனார்கலியோ தைப்பதானால், டாப்புக்கு இரண்டரை மீட்டர் வைத்த ஆயத்த செட் போதாது. நாலு மீட்டருக்கு மேல் வேண்டும், அதனால் மீட்டர் கணக்கில் கிழிக்கும் துணியாக எடுங்கள். ஓசூர்க்காரர்களுக்கு பெங்களூரு சிக்பேட்டை பக்கம்தான், ரகம் அதிகம். ஆனால் அங்கே வாங்கிய ரெடிமேட் பொருந்தாவிட்டால் மாற்ற மறுபடி பஸ் ஏற வேண்டும். அங்கே துணியை வாங்குங்கள், தையலை ஊரில் வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கும் துணியை மடிப்போடு பார்க்காதீர்கள். ஒரு மீட்டரைப் பிரித்துத் தோளில் போட்டுத் தொங்கவிடுங்கள். நேராக இறங்கினால் கனம் கீழ்ப்பக்கமோ நடுவிலோ உள்ளவர்களுக்கு ஆகும். விறைத்துத் தள்ளி நின்றால் மெலிந்தவர்களுக்கு ஆகும். கடையின் மஞ்சள் விளக்கில் பளபளக்கும் டிஷ்யூவையும் ஷிம்மரையும் வாசலுக்கு எடுத்துவந்து வெளிச்சத்தில் பாருங்கள். வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும் துணி எந்த இடத்தில் இருக்கிறதோ அந்த இடம் பெரிதாகத் தெரியும்.

தைக்கக் கொடுக்கும் நேரமும் இதில் சேர்த்தி. ஆவணி பிறந்த பிறகு போனால் எந்த நல்ல டெய்லரும் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார், அவசரத்தில் அம்ப்ரெல்லா கட்டைத் தொங்கவிடாமல் அடித்துக்கொடுத்துவிடுவார்கள். ஆடியில் முகூர்த்தம் இல்லை, டெய்லர் கையும் ஓய்வாக இருக்கும், கடைகளில் தள்ளுபடியும் நடக்கும். ஆடி 18-க்கு ஒகேனக்கல் போய்வந்த வாரத்திலேயே துணியை எடுத்து, நனைத்துக் காயவைத்து, அளவோடு கொடுத்துவிடுங்கள். கல்யாணத்துக்குப் பத்து நாள் முன்பே வாங்கிப் போட்டுப் பார்த்தால், பிரித்துவிடவோ பிடிக்கவோ இன்னொரு முறை கொடுக்க நேரம் இருக்கும்.